கருவிகளுக்கும் ஓர் உயிர்வாழ்ச் சான்றிதழ்



போன தீபாவளிக்கு என் மகள் வயிற்றுப் பேரன் பெங்களூரிலிருந்து வந்து பத்து நாள் தங்கியிருந்தான். மென்பொருள் கம்பெனியில் வேலை. பட்டாசுச் சத்தம் ஓய்ந்த மறுநாள் காலை, கூடத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

“என்னப்பா, லீவுலகூட ஆபீஸ் வேலையா?”

“ஆபீஸ் வேலை இல்ல தாத்தா. நாங்க சில பேர் சம்பளம் இல்லாம செய்யறது. ஒரு லைப்ரரிக்கு ஒரு பக்கத்தைப் பிரிச்சு அடுக்கணும்.”

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு இந்தச் சொல்லே ஒரு வில்லங்கம். பிரெஞ்சில் ‘லிப்ரேரி’ என்றால் புத்தகக் கடை. நூலகத்துக்கு ‘பிப்லியோத்தேக்’ என்று பெயர். சின்ன வயதில் மாற்றிச் சொல்லி வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால், “கடையா, நூலகமா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “ரெண்டும் இல்ல, உக்காருங்க சொல்றேன்” என்றான்.

அவன் சொன்னதை என் வயதுக்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுதுவதில்லை. முன்பே ஒருவர் எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் தொகுப்பை எடுத்துத் தம் வேலைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தொகுப்புக்குத்தான் லைப்ரரி என்று பெயர். நம் வீட்டு மிக்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைக் கம்பெனி செய்கிறது. கூடவே இரண்டு மூன்று ஜார் தருகிறது. தேங்காய் துருவ, சாறு பிழிய என்று மற்ற ஜார்களை வெளியார் செய்து பெரிய மார்க்கெட் பக்கம் விற்கிறார்கள். மோட்டார்தான் லைப்ரரி. வெளியார் செய்த ஜார்கள்தான் ‘சமூகக் கருவிகள்’. எந்த ஜார் எங்கே கிடைக்கும், எதற்கு ஆகும் என்று சொல்லும் பட்டியல் பக்கத்தைத்தான் என் பேரன் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

உதாரணத்துக்கு லீஃப்லெட் என்ற நூலகத்தைக் காட்டினான். உக்ரைனின் கீவ் நகரத்துக்காரர் வொலோதிமிர் அகாஃபோன்கின் 2011ல் வெளியிட்டது. இணையத்தில் நாம் விரலால் நகர்த்திப் பார்க்கும் எத்தனையோ வரைபடங்களுக்கு அடியில் அதுதான் வேலை செய்கிறதாம். நூலகத்தைச் சின்னதாகவே வைத்திருக்க வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் கொள்கை. மற்ற வசதிகளை வெளியார் இணைப்புக் கருவிகளாகச் செய்துகொள்ளலாம். அந்தக் கருவிகளின் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீளுகிறது. என் பேரனும் நண்பர்களும் கவனிப்பது அதைவிட மிகச் சின்ன நூலகம். அதுவும் வரைபடம் சம்பந்தப்பட்டதுதான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அதன் பட்டியலில் நூற்றிருபது கருவிகள் இருந்தன.

முப்பத்தெட்டு வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். கணினி தெரியாவிட்டாலும் பட்டியல் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அன்று பேசியதிலிருந்து எனக்கு உண்டான அபிப்பிராயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்டது வரிசை. யார் எப்போது கொண்டுவந்து கொடுத்தார்களோ, அந்த வரிசையிலேயே எல்லாம் இருந்தது. அலுவலகத்தில் இதற்குத் தபால் வரவுப் பதிவேடு என்று பெயர். எந்தக் காகிதம் என்றைக்கு வந்தது என்று அது சொல்லும். ஒரு விஷயத்தைத் தேடிக்கொண்டு வருகிறவருக்கு அதனால் காசளவு பிரயோஜனம் கிடையாது. வரவுப் பதிவேட்டையே கோப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தால் எந்த அலுவலகமும் ஒரு வாரம் ஓடாது.

“அதான் தாத்தா, அகர வரிசைல மாத்திடலாம்னு பாக்கறேன்” என்றான்.

அகர வரிசை நல்லதுதான், பெயர் தெரிந்து வருகிறவனுக்கு. நம் ஊரில் ‘எத்தா சிவில்’ பதிவேடுகள் உண்டு. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அதில் ஏறும். பிரான்சில் 1792ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த ஏற்பாடு இது. பத்து வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பெயர்களை எல்லாம் அகர வரிசையில் எடுத்துத் தனி அட்டவணை எழுதுவார்கள். அங்கே அது சரி. தன் தகப்பனார் பெயர் தெரியாமல் யாரும் அந்தச் சாளரத்துக்கு வருவதில்லை. ஆனால் வரைபடத்தில் ஆயிரம் குறிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எதுவும் தெரியவில்லையே என்று தவிப்பவனுக்கு, அதைச் சரிசெய்யும் கருவியின் பெயர் எப்படித் தெரியும்? பெயர் தெரிந்திருந்தால் அவன் ஏன் பட்டியலுக்கு வருகிறான்?

ஆகவே, வருகிறவன் என்ன வேலையாக வருகிறான் என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். லீஃப்லெட்காரர்கள் ஏறக்குறைய அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நெருக்கியடிக்கும் குறிகளைக் கொத்தாக்க ஒரு பிரிவு, வழி தேட ஒன்று, முகவரியிலிருந்து இடத்தைக் கண்டுபிடிக்க ஒன்று, தூரம் அளக்க ஒன்று, அச்சில் எடுக்க ஒன்று. பிரெஞ்சு வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் எங்கள் வாத்தியார் முதலில் ‘பிளான்’ கேட்பார். தலைப்புகளைக் காட்டாமல் பேனாவைத் தொட விடமாட்டார். அப்போது கோபம் வரும். பிற்பாடு சோறு போட்டது அந்தப் பழக்கம்தான்.

நம் சீர்காழியில் 1892ல் பிறந்த ரங்கநாதனை நினைத்துக்கொண்டேன். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்றவர், 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். நான்காவது விதி வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றியது. புத்தகத்துக்குச் சொன்னது ஜாருக்கும் பொருந்தும். கணினிக்குப் பிரெஞ்சில் ‘ஓர்தினாத்தேர்’ என்று பெயர். 1955ல் ஐ.பி.எம். கம்பெனி கேட்டுக்கொண்டதன்பேரில் ஜாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் சொல்லிக்கொடுத்த சொல். ஒழுங்கு செய்வது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. பேரனிடம் சொன்னேன். “ஒழுங்கு செய்யற மெஷின்லதான் தாத்தா இவ்வளவு குப்பையும் கிடக்கு” என்றான்.

வரிசை முடிந்ததும் வர்ணனைக்கு வந்தோம். ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில், செய்தவரே எழுதிக்கொடுத்த ஒரு வரி இருந்தது. ‘மிக வேகமானது’, ‘அழகானது’, ‘நவீனமானது’. எல்லோரும் அழகாக இருந்தால் எதை எடுப்பது? குறிப்பு எழுதும்போது அடைமொழி கூடாது என்று எங்கள் பிரிவு அதிகாரி ஒருவர் சிவப்பு மையால் அடிப்பார். என்ன செய்யும், எந்தப் பதிப்போடு சேரும், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற மூன்றும் போதும் என்றேன்.

இதில் பதிப்பு என்பது முக்கியம். மிக்சி பழையதாகிப் புது மாடல் வாங்கினால், ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர் பொருந்தாது. ஜார் நன்றாகத்தான் இருக்கும், உட்காராது. லீஃப்லெட் 2025ல் தன் 2.0 பதிப்பைச் சோதனைக்காக வெளியிட்டது. பழைய ஏற்பாடுகள் சிலவற்றை அதில் எடுத்துவிட்டார்கள். அதனால் முந்தைய பதிப்புக்குச் செய்த கருவிகள் பலவற்றைத் திருத்தாமல் இதில் மாட்ட முடியாது. பட்டியலில் பதிப்பு எண் இல்லையென்றால் மாட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதுவரை அவனுக்கும் எனக்கும் சண்டையில்லை. அடுத்ததில்தான் வந்தது.

இருவரும் உட்கார்ந்து முதல் இருபது கருவிகளின் பக்கங்களைத் திறந்து பார்த்தோம். மூன்று திறக்கவே இல்லை. ஐந்து திறந்தன, ஆனால் நாலைந்து வருடமாக யாரும் தொட்ட அடையாளம் இல்லை. ‘இது வேலை செய்யவில்லையே, யாராவது உதவுங்கள்’ என்று பல தேசத்துக்காரர்கள் எழுதிய கேள்விகள் பதிலில்லாமல் கிடந்தன.

“திறக்காததைக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் போட்டுட்டாப் போச்சு. தானே பாத்துக்கும்” என்றான்.

“கதவு திறக்குதான்னு அது பாக்கும். உள்ள ஆள் இருக்காரான்னு பாக்குமா?” என்றேன்.

“அதுக்கெல்லாம் ஆள் ஏது தாத்தா? பட்டியல்ல ரெண்டு பழசு இருந்தா என்ன குடி முழுகிடப் போகுது?”

அந்தக் கேள்விக்குப் பதிலாக, இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தின் வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை இருந்தது. எந்த விஷயத்துக்கு எந்த அறைக்குப் போக வேண்டும், என்னைக்குப் போக வேண்டும், என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று தட்டச்சு செய்த சீட்டுகள் அதில் இருக்கும். தட்டச்சு செய்தவன் நான். பலகையின் சாவியும் என் மேசை இழுப்பறையில்தான். புதிதாக ஓர் உத்தரவு வந்தால் புதிதாக ஒரு சீட்டைக் குத்துவேன். பழையதை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா வந்து ஆறாம் எண் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். விதவை உதவித்தொகை விஷயம். செவ்வாய்க்கிழமை. மறுவாரம் செவ்வாய்க்கிழமையும் பார்த்தேன். மூன்றாவது செவ்வாய்க்கிழமைதான் போய் என்னம்மா என்று கேட்டேன். அந்தப் பிரிவு வேறு கட்டடத்துக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆறாம் எண் அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள்.

“போர்டுல இந்த ரூம்னுதான் போட்டிருக்குதாம் சாமி. பேரன் படிச்சுச் சொன்னான். ஐயா வருவாருன்னு ஒக்காந்திருக்கேன்” என்றார்.

மூன்று வாரம். போக வர பஸ் காசு. மூன்று நாள் கூலி. அவர் கோபப்படவில்லை. அதிகாரி வரவில்லை என்றால் அதிகாரிக்கு ஏதோ வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டாராம். நான்தான் அவரை அந்த இன்னொரு கட்டடத்துக்கு நடந்தே கூட்டிக்கொண்டு போனேன். சீட்டைக் குத்தியவன் நான்தான் என்று வழியில் சொல்ல வாய் வரவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பலகையைத் திறந்து ஒன்பது சீட்டுகளை உருவினேன்.

அதிலிருந்து எனக்கு ஒன்று விளங்கியது. பட்டியலில் ஒரு விஷயம் இல்லாவிட்டால் மனிதன் நாலு பேரை விசாரிப்பான், எப்படியாவது வழி கண்டுபிடிப்பான். செத்துப்போன விஷயம் உயிரோடு இருப்பதுபோல் எழுதியிருந்தால் அதை நம்பி உட்கார்ந்துவிடுவான். விடுபட்டது சின்னத் தவறு. எடுக்காமல் விட்டது பெரிய தவறு.

பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “என்ன செய்யலாம் சொல்லுங்க” என்றான்.

நவம்பர் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு நவம்பர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு இருக்கிறோம் என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். பிரான்சு அரசிடம் பென்ஷன் வாங்கும் நம் ஊர்ச் ‘சொல்தா’ குடும்பங்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. முன்பு வரிசையில் நின்றோம். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்த பிறகு விரலை வைத்தால் முடிந்தது. “வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் கருவிக்காரர்களிடமும் இதேபோல் ஒரு சான்றிதழ் கேளுங்கள். தந்தால் பட்டியலில் இருக்கட்டும், தராவிட்டால் வெளியே” என்றேன். நல்ல யோசனை சொல்லிவிட்ட பெருமிதத்தோடு காபி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவன் சொன்ன பதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. “தாத்தா, உங்களுக்குக் கவர்ன்மென்ட் பணம் தருது. அதனால உயிரோட இருக்கீங்களான்னு கேக்குது. இவங்களுக்கு நாங்க என்ன தர்றோம்? ராத்திரி கண்ணு முழிச்சு எழுதி இலவசமாக் குடுக்கறவங்க. அவங்க வாசல்ல போய்ச் சான்றிதழ் கொண்டான்னு நின்னா நல்லாவா இருக்கும்?”

யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் நியாயம். வாங்குகிறவனிடம் கேட்கும் கேள்வியைக் கொடுக்கிறவனிடம் கேட்கக் கூடாது. குமாஸ்தா புத்தி எதிரில் நிற்பவனிடம்தான் முதலில் காகிதம் கேட்கும். எனக்கு ஓய்வு கிடைத்தும் அந்தப் புத்திக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

ஆனால் சான்றிதழே வேண்டாம் என்று ஆகிவிடாது. யார் எடுக்க வேண்டும் என்பதுதான் மாறுகிறது. படுத்த படுக்கையாக இருக்கும் ஓய்வூதியக்காரர் வீட்டுக்கு இப்போது தபால்காரரே கருவியைக் கொண்டுபோய் விரல் ரேகை எடுக்கிறார் அல்லவா? அதைப்போல, பட்டியலை வைத்திருக்கிறவர்கள்தான் வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியையும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். மாட்டிப் பார்க்க வேண்டும், கேள்விகளுக்குப் பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்த தேதியையும் பார்த்தவர் பெயரையும் அந்த வரியிலேயே போட வேண்டும். ‘கடைசியாகப் பார்த்தது’ என்று ஒரு தேதி இருந்தால் போதும், படிக்கிறவன் தானே எடை போட்டுக்கொள்வான்.

பார்த்தவர் பெயர் எதற்கு என்று கேட்டான். என் பலகையில் என் பெயர் இருந்திருந்தால் அந்தச் சீட்டுகள் அங்கே ஒரு வருடம் கிடந்திருக்காது என்றேன்.

கருவியைப் பார்த்துக்கொள்கிறவர் இன்னும் அதே ஆள்தானா என்பதையும் கவனிக்க வேண்டுமாம். இது அவன் சொன்னது. ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்று ஒரு சின்னத் தொகுப்பு. உலகம் பூராவும் ஏராளமான புரோகிராம்களுக்குள் இருந்தது. எழுதியவருக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. உதவி செய்கிறேன் என்று முன்பின் தெரியாத ஒருவர் கேட்க, பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டார். வந்தவர் 2018ல் அதற்குள் திருட்டுச் சரக்கு ஒன்றை ஒளித்து வைத்தார். ஒரு பிட்காயின் பணப்பையைக் கொள்ளையடிப்பது நோக்கம். வெளியில் பெயர்ப்பலகை அதேதான், கடைக்காரர் மட்டும் மாறிவிட்டார். முன்பு வாங்கிய நல்ல பெயர் அப்படியே இருந்ததால் சில வாரங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எத்தனை பேர் பாராட்டி நட்சத்திரம் போட்டார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் நம்பினால் கதி இதுதான். அந்த நட்சத்திரங்கள் பழைய கடைக்காரருக்குப் போட்டவை.

சரி, பார்த்ததில் உயிரில்லை என்று தெரிந்த கருவிகளை என்ன செய்வது? அழித்துவிடலாம், பக்கம் சுத்தமாகும் என்பது அவன் கட்சி. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏற்கெனவே அந்தக் கருவியை மாட்டி வேலை செய்துகொண்டிருக்கும் மனிதர்கள் இருப்பார்கள். ஒருநாள் அது மக்கர் பண்ணும். தேடிக்கொண்டு வந்தால் பட்டியலில் பெயரே இல்லை. தான் தப்பாக நினைத்துக்கொண்டோமோ என்று அவன் குழம்ப வேண்டுமா? இன்னொன்று, அதைச் செய்தவர் ஒரு காலத்தில் பல பேருக்கு உதவியவர். அந்தப் பட்டியலில் பள்ளி ஆசிரியர் ஒருவர் செய்த கருவி ஒன்று இருந்தது. நாலு வருடமாக அவரிடமிருந்து எந்தச் சேதியும் இல்லை. இருக்கிறாரோ இல்லையோ. அவர் பெயரைத் துடைப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

எத்தா சிவில் பதிவேட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறப்பை ஒருமுறை எழுதினால் அழிப்பதில்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். அந்த ஆளுக்குத் திருமணமானால் ஓரத்தில் ஒரு குறிப்பு, இறந்தால் இன்னொரு குறிப்பு. பிரான்சில் திருமணத்தை அப்படிக் குறிக்க வேண்டும் என்று 1897ல் சட்டமே வந்தது. பிறப்புப் பக்கத்தைத் திறந்தால் அந்த மனிதனின் முழு வரலாறும் ஓரத்தில் தெரியும். இதைத்தான் செய்யச் சொன்னேன். உயிரோடு இருக்கும் கருவிகள் முன் பக்கத்தில். மற்றவை ஆவண அறையில், அதாவது தனிப் பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் ஓரக் குறிப்பு: என்ன செய்தது, எந்தப் பதிப்பு வரை வேலை செய்தது, எப்போதிலிருந்து கவனிப்பார் இல்லை, இப்போது அதற்குப் பதில் எதை எடுக்கலாம். மத்திய அரசு அலுவலக முறையில் கோப்புகளை ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று மூன்று வகையாகப் பிரிப்போம். நிரந்தரமாக வைக்க வேண்டியவை முதல் இரண்டு, குறிப்பிட்ட காலம் வைத்துக் கழிப்பவை மூன்றாவது. எது எந்த வகை என்பதை யாராவது உட்கார்ந்து தீர்மானித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எதுவும் கழியும்.

பக்கத்தின் முகவரியையும் மாற்றப் போவதாகச் சொன்னான். மாற்றுங்கள், ஆனால் பழைய முகவரியில் ஒரு பலகை வையுங்கள் என்றேன். துய்ப்ளெக்ஸ் வீதி நேரு வீதியாகி எத்தனையோ காலமாகிவிட்டது. பழைய பெயரைச் சொல்லி விசாரிக்கிற கிழவர்கள் அப்புறமும் ரொம்ப நாள் இருந்தார்கள். அவர்களுக்கு வழி சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

கடைசியாக அவன் கேட்டதுதான் மெய்யான கேள்வி. “வருஷா வருஷம் இதையெல்லாம் யார் தாத்தா பாக்கறது?”

யாஹூ நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். 1994ல் இரண்டு மாணவர்கள் தமக்குப் பிடித்த இணையதளங்களைப் பட்டியல் போட்டதில் தொடங்கியது அது. மனிதர்கள் உட்கார்ந்து வகை பிரித்த அந்தப் பட்டியலை 2014 முடிவில் மூடிவிட்டார்கள். தொண்டர்களை வைத்தே நடந்த டிமாஸ் என்ற இன்னொரு பெரிய பட்டியல் 2017ல் மூடப்பட்டது. உலகத்தையே பட்டியல் போடக் கிளம்பினால் கை தாங்காது என்பது அதில் இருக்கிறது. நூற்றிருபதுக்குத் தாங்கும். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆறு பேர். ஆளுக்கு இருபது கருவி. ஒன்றுக்குக் கால்மணி நேரம். ஒருவருக்கு வருடத்துக்கு ஐந்து மணி நேரம். ஒரு கிரிக்கெட் மேட்ச் பார்க்கும் நேரம்கூட இல்லை. ஆள் கிடைக்காத பிரிவைத் திறக்காதீர்கள், பார்த்துக்கொள்ள முடிகிற அளவுக்கு மட்டும் சேருங்கள் என்றேன்.

அவன் அதையெல்லாம் நண்பர்களிடம் கொண்டுபோனான். வேலைவாரியாகப் பிரிப்பது, தேதி போடுவது, ஆவண அறை, பழைய முகவரிப் பலகை எல்லாம் ஏற்றுக்கொண்டார்கள். எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதை ஏற்கவில்லை. வருகிறவர்களை வராதே என்று சொல்வது தங்கள் பண்பு இல்லை என்றார்களாம். எனக்கு உடன்பாடில்லை. ஐந்து வருடம் கழித்து அந்தப் பக்கம் மறுபடியும் வரவுப் பதிவேடாகிவிடும் என்பது என் அபிப்பிராயம். என் பேச்சு பொய்யானால் எனக்குச் சந்தோஷம்தான். வரும் நவம்பரில் முதல் சுற்றுப் பார்வை. அந்த ஆசிரியரின் கருவி ஓரக் குறிப்போடு ஆவண அறையில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, நமக்கும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டு பீரோ கதவில் தொலைபேசி எண்கள் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உங்களுக்கு நெஞ்சு வலித்தால், வீட்டில் இருக்கிறவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டரைக் கூப்பிடுவார். அந்த டாக்டர் இப்போது இருக்கிறாரா? அந்த எண் இன்னும் அவருடையதுதானா? பென்ஷன் காகிதம், வங்கிப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு எழுதிவைத்த தாளில் தேதி இருக்கிறதா?

பேரன் ஊருக்குப் போன அன்று நான் எங்கள் வீட்டுத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். பதினோரு பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஏழு சரியாக இருந்தன. மூன்று மாறிவிட்டிருந்தன. பதினோராவது என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரெஞ்சு படித்த நண்பனுடையது. அந்த எண்ணை எதற்குக் கூப்பிட வேண்டும்? அவனை அடிக்க மனம் வரவில்லை. புதுத் தாளிலும் அவன் பெயரை எழுதி, ஓரத்தில் வருடத்தைக் குறித்து வைத்தேன். கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

நீங்களும் ஒருமுறை பீரோ கதவைப் பார்த்துவிடுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.